சம்பந்தி சீராகக் கொடுத்த ஆஸ்கார் மீன்

மர்கிலான் ஊரில் சனவ்பர் நடத்திய கல்யாண மண்டபத்தில், தொட்டிக்குள் மீன்கள் அடித்துக்கொண்டால் அன்றைக்குக் கல்யாணத்துக்கு வந்தவர்களும் அடித்துக்கொள்வார்கள். மண்டபம் திறந்த வருஷமே இது தெரிந்துவிட்டது. டைகர் பார்ப் மீன்கள் ஏஞ்சல் மீனின் நீளத் துடுப்புகளைக் கடித்துக் குதறிய அன்று, மணப்பெண்ணின் முக்காடும் ஓரமெல்லாம் கந்தலாகிக் கிடந்தது. வேறு முக்காடு கொண்டுவரச் சொன்னார்களே தவிர, யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதன்பிறகு பத்து வருஷம் சனவ்பர், பெண் கேட்டுப் போகிறவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதுபோல விசாரித்துத்தான் மீன் வாங்கினாள். எந்தத் தொட்டியில் வளர்ந்தது, யாரோடு வம்பு பண்ணியது, எவ்வளவு பெரிசாகும் என்று சந்தையில் மீன் விற்கும் தாலிபின் உயிரை எடுத்தாள். வெதுவெதுப்பான தண்ணீர் கேட்கும் மீன்களோடு தங்கமீனைச் சேர்க்கமாட்டாள். கூட்டமாகவே வாழும் டெட்ரா மீன்களை எட்டுக்குக் குறைவாக விடமாட்டாள். அவள் மண்டபத்தில் நடந்த கல்யாணம் ஒன்றுகூட முறியவில்லை.

பிறகு அவளுடைய ஒரே மகன் இல்யாரின் கல்யாணம் வந்தது. முதல் நிச்சயம் முறிந்து நாலு வருஷம் அறைக்குள்ளேயே கிடந்தவன். இப்போது நிச்சயமாகியிருக்கும் முனோஜத்தைப் பார்த்தபிறகுதான் சிரிக்கிறான். இதுவும் முறிந்தால் பிள்ளை தேறமாட்டான் என்று சனவ்பர் பயந்து செத்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு பெண்ணின் தாய் மஸ்தூரா, சீர்த் தட்டுகளோடு ஒரு வாளியும் கொண்டுவந்தாள். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஆஸ்கார் மீன்.

"தொட்டியில விடுங்க சம்பந்தி. எங்க வீட்டு மரியாதையை நாலு பேர் பாக்கட்டும்."

சம்பந்தி சீரைச் சபையில் வைக்காவிட்டால் சம்பந்தமே வேண்டாம் என்று அர்த்தம். சனவ்பர் தாலிபிடம் ஓடினாள்.

"வாய்க்குள்ள போறதை முழுங்கிடும்க்கா. போகாததை முட்டியே கொன்னுடும்."

"அதோட எதைத்தான் சேக்கறது?"

"ஒண்ணும் சேராது. தனியா விட்டாத்தான் சமத்தா இருக்கும். ஆனா தொட்டியில வேற மீன் இல்லேன்னா மண்டபத்துல வேற ஆளும் இருக்கமாட்டாங்களே. உங்க பிழைப்பு?"

"போகட்டும். என் பிள்ளை சிரிச்சா போதும்."

அறுபது மீன்களையும் தாலிபிடமே கொடுத்துவிட்டு, ஆளுயரத்தைவிட நீளமான தொட்டியில் ஆஸ்காரை மட்டும் விட்டாள்.

கல்யாணத்தன்று முந்நூறு பேரும் வாசல்வரை வந்தார்கள். அதற்குமேல் கால் எழவில்லை. மணமக்களுக்கும் எழவில்லை, சனவ்பருக்கும் எழவில்லை. மஸ்தூரா மட்டும் விறுவிறுவென்று உள்ளே போய், கோடியில் இருக்கும் மரியாதை இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். "அப்பாடா, யாரும் இடிக்காம ஒரு இடம்" என்றாள். மற்றவர்கள் தெருவிலேயே மேஜைகளைப் போட்டார்கள். பலாவ் சோற்று அண்டா எப்படியும் வெளியில்தான் இருந்தது. இல்யார் சாயங்காலம்வரை ஆடினான். அதைப் பார்த்து சனவ்பர் எல்லார் முன்னாலும் அழுதாள்.

மஸ்தூரா வெளியே வரவில்லை, வருகிற உத்தேசமும் இல்லை என்றுவிட்டாள். சீர் மீனைத் தொட்டியிலிருந்து எடுத்தால் சம்பந்தம் முறியும் என்பதால், மண்டபத்தில் அதன்பிறகு கல்யாணம் கிடையாது. சனவ்பர் வாசலில் அடுப்பு போட்டு, கறி வைத்த சம்சா சுட்டு விற்கிறாள். ஒன்பது வருஷம் ஆகிறது. இல்யாருக்கும் முனோஜத்துக்கும் இரண்டு பிள்ளைகள். ஒரு நாள்கூட முகம் திருப்பிக்கொண்டதில்லை. தினமும் மத்தியானம் சனவ்பர் சாப்பாட்டுத் தட்டை நீளக் கழியால் உள்ளே தள்ளுகிறாள்.

"உப்பு கம்மி சம்பந்தி" என்று குரல் வரும்.

"நாளைக்குத் தூக்கலா போடறேன் சம்பந்தி" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்புவாள்.