சஹனில் ஆறாவது ஆள்

இடது கையை வேதப் புத்தகத்தின் மேல் வைத்துக்கொண்டு வலது கையால் இதை எழுதுகிறேன். சத்தியத்துக்கு வலது கைதான் வைக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் இடது கையால் எழுதினால் ஒருவருக்கும் விளங்காது. இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. எங்கேயாவது ஒரு சொல் பிசகியிருந்தால் அது அச்சகத்தார் செய்த வேலை.

என் பெயர் யூஸ்டஸ். திருகோணமலையில் லேத் மெஷின் ஓட்டி ஓய்ந்தவன். கலியாணம் கட்டவில்லை. நாற்பது வருடமாகக் கடைகளில் தனியாகத்தான் சாப்பிடுகிறேன், அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு. சுவர் நல்ல துணை. இன்னும் கொஞ்சம் போடட்டா என்று கேட்காது.

என் தங்கை தெல்மாவின் மகன் பிரட்லிக்குக் கலியாணம் என்று மட்டக்களப்புக்கு வந்தேன். தெல்மா வீட்டில் படுக்க இடமில்லை. வாவிக்கரையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்தேன். அதை நடத்துகிற தனுஷா என்ற பிள்ளை என் பின்னால் எட்டிப் பார்த்தது.

"மற்ற ஆள் எங்க ஐயா?"

"மற்ற ஆள் இல்லை."

"பின்னுக்கு வாறாரோ?"

"பிறக்கவே இல்லை, பிள்ளை."

அது இரண்டு கட்டில் போட்ட அறையைத் திறந்துவிட்டு, குளிக்க இரண்டு துவாயும் இரண்டு சவர்க்காரமும் கொண்டுவந்து வைத்தது. விடியத் தேத்தண்ணியும் இரண்டு. மனம் நோகுமே என்று இரண்டையும் குடித்தேன். இந்த ஊரில் ஒற்றை ஆளுக்கு இடமில்லை என்பது எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

கலியாணம் சித்திரை வருசம் கழிந்த சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்கு. மோதிரம் காத்தான்குடியில் ஒரு நகைக்கடையில் இருந்தது. அதை எடுத்துவருவது என் பொறுப்பு. தெல்மா என் சட்டைக் கொலரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "யூஸ்டஸ், ஃபாதர் ஆறு மணிக்கு வாழைச்சேனைக்குப் போயிருவார். திங்கட்கிழமை பிரட்லிக்குக் கட்டார் பிளைட். இண்டைக்கு மோதிரம் வராட்டி ரெண்டு வருசத்துக்குக் கலியாணம் இல்லை. றொஷெல் ரெண்டு வருசம் காத்திருப்பாளோ, அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். வழியில எங்கயும் இருந்து சாப்பிடாத."

மோதிரத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானும் போட்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்து, இரண்டு கடை தள்ளி நெய்ச்சோற்று வாசம். ஒரு பிளேட், கால் மணித்தியாலம், சுவரைப் பார்த்து ஒரு மேசை. வேறொன்றும் நான் கேட்கவில்லை.

கடை முதலாளி அப்துல் கபூர் ஹாஜியார் வாசலிலேயே நின்றார்.

"எத்தினை பேர்?"

"ஓராள்."

"ஓராளுக்கு மேசை இல்லையே. உள்ளுக்கு ஒரு இடம் கிடக்கு. வாங்க."

உள்ளே பாய் விரித்து, அதன் நடுவில் பெரிய சஹன். சஹன் என்றால் ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுகிற வட்டத் தட்டு. ஐந்து பேர் கை கழுவிவிட்டுச் சோற்றைப் பார்த்தபடி இருந்தார்கள். ஆறாவது ஆள் வரவில்லையாம். என்னைக் கண்டதும் மாப்பிள்ளையைக் கண்ட மாதிரி எழும்பி இடம் விட்டார்கள்.

என் முழங்கால்கள் எழுபத்து நாலு வயது முழங்கால்கள். பாயில் இருந்தபோது இரண்டும் பூட்டுப் போல 'டக்' என்று விழுந்தன. திறப்பு என்னிடம் இல்லை.

"எந்த ஊர் காக்கா?" என்றார் பக்கத்தில் இருந்த அஹமட். லொறி ஓட்டுகிறவர். காக்கா என்றால் அந்த ஊரில் அண்ணன்.

"திருகோணமலை."

"அவ்வளவு தூரத்தில இருந்தா சோறு தின்ன வந்தீங்க? அப்ப நல்லாத் தின்னணும்."

தின்றேன். மாட்டிறைச்சி, கோழி, கத்தரிக்காய், மாசிச் சம்பல். கால் மணித்தியாலம் ஆனதும் கையை எடுத்தேன். உடனே மற்ற ஐந்து கைகளும் அந்தரத்தில் நின்றன.

அஹமட் என் காதுக்குள் சொன்னார்: "காக்கா, ஓராள் நிப்பாட்டினா மற்ற ஆக்களும் நிப்பாட்டணும். அதான் முறை. எதிரில இருக்கிற பஹ்மியைப் பாருங்க, விடியத்தில இருந்து புடவைக்கடையில நிண்ட ஆள். பசி."

பஹ்மியைப் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தார். அவருக்காக இன்னும் நாலு வாய் சாப்பிட்டேன். பஹ்மி எனக்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. வந்த மனிசன் வெட்கப்படக் கூடாதாம். அஹமட் எங்கள் இருவருக்காகவும் சாப்பிட்டார். மற்ற மூவரும் அஹமட்டுக்காக. ஒருவருக்கும் பசியில்லை, ஒருவரும் கை எடுக்கவில்லை. சோறு குறையக் குறைய ஹாஜியார் அண்டா மாதிரிப் பெரிய கிடாரத்தோடு வந்து கவிழ்த்தார்.

"விருந்தாளிக்கு முன்னால வெறும் சஹன் கிடக்கப்படாது."

மூன்றாம் தரம் கவிழ்த்தபோது இரண்டரை மணி. ஐந்தாம் தரத்தில் பஹ்மி நித்திரையானார். கை மட்டும் தானாக வாய்க்குப் போய் வந்துகொண்டிருந்தது. என் இடுப்புப் பட்டியில் இருந்த கடைசி ஓட்டையும் முடிந்துவிட்டது. சட்டைப் பைக்குள் கைபேசி பன்னிரண்டு முறை துடித்தது. அது தெல்மா. வலக்கையில் சோறு, இடக்கையால் எடுத்தால் மரியாதையில்லை.

இனி மறைத்துப் பயனில்லை என்று வாயைத் திறந்தேன். "எனக்கு நாலு மணிக்கு டவுனில கலியாணம். மோதிரம் என்னட்டதான் இருக்கு. நான் போகாட்டிக் கலியாணம் இல்லை."

ஹாஜியாரின் முகம் மாறியது.

"கலியாண வீட்டுக்குப் போறவரா? முதலே சொல்லியிருக்கக் கூடாதா?"

விடுதலை வந்தது என்று நினைத்தேன்.

"கலியாண வீட்டுக்குப் போறவரைப் பாதி வயித்தோட அனுப்பினா காத்தான்குடிக்கு என்ன மரியாதை?" என்று சொல்லிவிட்டு முழு ஆட்டுத் தொடை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார்.

எனக்குக் கண்ணீர் வந்தது. அதை அவர்கள் நன்றிக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள். எழும்பப் பார்த்தேன், முழங்கால் எழும்பவில்லை. அஹமட்தான் இரங்கினார்.

"ஹாஜியார், ஆள் எழும்பினாத்தானே முறை கெடும். சஹனோட போனா?"

அப்படித்தான் நடந்தது. கடையில் வேலை செய்கிற நாலு பேர் பாயின் நாலு மூலையைப் பிடித்து, ஆறு பேரையும் சஹனையும் ஒன்றாகத் தூக்கி லொறியில் ஏற்றினார்கள். ஓட்டுகிற அஹமட் சாப்பாட்டில் இருந்தபடியால் ஹாஜியாரே ஓட்டினார், கிடாரத்தைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு. ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி இறங்கிவந்து சோறு போட்டதால் கல்லடிப் பாலத்துக்கு வரவே ஐந்து மணி தாண்டிவிட்டது.

பாலத்தில் ஒரு பொலிஸ்காரர் மறித்தார்.

"இதென்ன இது?"

"சாப்பாடு சேர். ஒரு வாய் எடுங்க."

நான் கண்ணால் வேண்டாம் என்று காட்டினேன். அவர் பார்க்கவில்லை, ஒரு வாய் எடுத்தார். எடுத்தவர் பிறகு எப்படி எழும்புவது? தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு எங்களோடு வந்தார். பாலத்தில் வாகனங்கள் அதற்குப் பிறகு தங்கள் விருப்பப்படி போயின.

கோயில் வாசலில் தெல்மா நின்றாள். அவள் சொன்னதை வேதப் புத்தகத்தில் கை வைத்துக்கொண்டு எழுத முடியாது. ஃபாதர் வந்து லொறிக்குள் எட்டிப் பார்த்தார், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு. விவரம் தெரிந்தவர்.

"மோதிரத்தைத் தாரும் யூஸ்டஸ். எனக்கு நேரமில்லை."

"வலக்கையில சோறு ஃபாதர். கலியாண மோதிரத்தை இடக்கையால எப்பிடித் தாறது?"

பிரட்லி அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். அப்போதுதான் றொஷெல் வெள்ளைக் கவுணைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் இருந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மோதிரத்தைப் பார்க்கவில்லை. சஹனைப் பார்த்தாள்.

"அங்கிள், அது நெய்ச்சோறா?"

"ஓம் மகள்."

"விடியத்தில இருந்து பச்சைத் தண்ணி குடிக்க விடல்ல. பவுடர் கலையுமாம்."

லொறியின் விளிம்பில் ஏறி இருந்தாள். ஏழு பேரும் தங்கள் பக்கத்துச் சோற்றை அவள் பக்கம் தள்ளிவிட்டோம். அன்று அந்தத் தட்டில் பசியோடு கை வைத்தது அவள் ஒருத்திதான். சோறு போனது, ஆட்டுத் தொடை போனது. ஹாஜியார் கிடாரத்தைக் கவிழ்த்தார், அதுவும் போனது. கடைசிப் பருக்கையையும் வழித்துவிட்டு எழும்பினாள். முதலில் எழும்ப ஒரு ஆள் வேண்டும் என்றுதானே பகல் முழுக்கக் காத்துக் கிடந்தோம். மணப்பெண்ணிடம் யார் முறை பேசுவது? ஐந்து பேரும் பொலிஸ்காரரும் ஒரே மூச்சில் "அல்ஹம்துலில்லாஹ்" என்றோ "அப்பாடா" என்றோ சொல்லிக்கொண்டு எழும்பினார்கள். என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். முழங்கால் 'டக்' என்று திறந்தது.

கை கழுவி, வலது கையாலேயே மோதிரத்தைக் கொடுத்தேன். ஆறு மணிக்குக் கொஞ்சம் முந்தி கலியாணம் முடிந்தது. ஃபாதரை வாழைச்சேனைக்கு அஹமட்டின் லொறியே கொண்டுபோய் விட்டது. பிரட்லியும் றொஷெலும் சந்தோசமாக இருக்கிறார்கள்.

தெல்மா மட்டும் இன்றுவரை இதை நம்பவில்லை. மோதிரத்தைப் பையில் வைத்துக்கொண்டு நான் லொட்ஜில் இரண்டு கட்டிலிலும் மாறி மாறித் தூங்கினேன் என்கிறாள். தனுஷாவும் அப்படித்தான் சொன்னதாம். அவர்கள் சொல்வதைச் சொல்லட்டும். நான் வேதப் புத்தகத்தில் கை வைத்திருக்கிறேன்.

அச்சகத்தார் குறிப்பு: அந்தச் சனிக்கிழமை றமழான் நோன்பு. காத்தான்குடியில் பொழுது படும்வரை ஒரு சாப்பாட்டுக் கடையும் திறந்திருக்கவில்லை.