நேரில் கண்டது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. மாமனாரின் நினைவுக் கூட்டத்தில் வாசிக்க ஒரு பக்கம் கேட்டார்கள். கதை எழுதுகிறவன் மாப்பிள்ளையாக வாய்த்தால் இந்த வேலை அவன் தலையில்தான் விடியும். கூட்டம் மாலை ஐந்துக்கு. இப்போது மணி மூன்றரை.

தொடக்கம் ஒன்று: "அவர் சிறந்த விஞ்ஞானி, அதைவிடச் சிறந்த குடும்பத்தலைவர், அதையும்விட..." (வேண்டாம். இறந்துபோன எல்லாருக்கும் இந்த வாக்கியம் பொருந்தும்.)

தொடக்கம் இரண்டு: "தண்ணீரும் வெளிச்சமும் கொடுத்தாலும் சில விதைகள் ஏன் முளைக்க மறுக்கின்றன? இந்த ஒரு கேள்வியோடு நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியவர் அவர்." பரவாயில்லை. இருக்கட்டும்.

2

அவருடைய ஆய்வுக் குறிப்பேட்டில் அநேகமாக ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் 'நே.க.' என்று இருக்கும். நேரில் கண்டது. தன் கண்ணால் பார்க்காத எண்ணுக்கு அந்த இரண்டெழுத்தைப் போடமாட்டார், 'பி.சொ.'* என்றுதான் போடுவார்.

வீட்டுக்கும் அது தொற்றிக்கொண்டது. "பால் பொங்குது!" என்று யாராவது கத்தினால், "நே.க.வா, பி.சொ.வா?" என்று குளியலறைக்குள்ளிருந்து குரல் வரும். என்னைப் பற்றி மகள் முதன்முதலில் சொன்னபோது, "நல்லவர்னு சொல்றியே, நே.க.வா?" என்று கேட்டாராம்.

* பிறர் சொன்னது. உதவியாளர் எண்ணிச் சொன்னவற்றுக்கு.

3

மனைவி போட்ட கட்டளை ஒன்றே ஒன்று. "நான் ஆஸ்பத்திரியில இருந்த நாளை விட்றாதீங்க."

ஆறு வயதில் அவளுக்கு நிமோனியா. அன்று பகல் முழுக்க அப்பா கட்டிலை விட்டு அசையவில்லை. அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே படுத்திருந்தாளாம். "அம்மா அன்னைக்கு எட்டிக்கூடப் பார்க்கல" என்று சேர்த்துக்கொள்வாள். அவள் அம்மாவோடு, அதாவது என் அத்தையோடு, எந்தச் சண்டை வந்தாலும் முப்பது வருடமாக இந்த வாக்கியத்தில்தான் வந்து முடியும். அத்தை அதற்குமேல் பேசமாட்டார்.

அவள் பத்திரமாக வைத்திருக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டில் தேதியைப் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டைப் புரட்டினேன். சும்மா இருந்திருக்கலாம். அதே நாள், காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை, மணிக்கொரு முறை முளைத்த விதைகளின் எண்ணிக்கை. மாமாவின் கையெழுத்து. பதினொரு வரி, பதினொரு நே.க.

4

முடிவு அ: அவர் ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தார். மகளின் நினைவு, காய்ச்சலில் வந்த கனவு. (இதை அவளிடம் சொல்லிவிட்டு நான் நிம்மதியாகச் சாப்பிட்டதாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.)

முடிவு ஆ: அவர் கட்டிலருகே இருந்தார். எண்கள் கற்பனை. அப்படியானால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த ஆய்வுக் கட்டுரை முழுவதும்...

இதை முடிக்கக் கை வரவில்லை. குறிப்பேட்டோடு அத்தையிடம் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தவர் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"நான்தான் எண்ணினேன், மாப்பிள்ளை."

"நீங்களா?"

"உதவியாளர் லீவு. ஒரு மணி தப்பினாலும் மூணு வருஷ வேலை போச்சுன்னாரு. இவளோ அப்பா சட்டையை விடல. நான் கையை நீட்டினேன், வரமாட்டேன்னுட்டா. 'நீங்க இருங்க, எண்ண எனக்கும் தெரியும்'னு கிளம்பிட்டேன். ஒரு தாள்ல குறிச்சுட்டு வந்து கொடுத்தேன்."

"அப்ப பி.சொ.ன்னுல்ல போட்டிருக்கணும்?"

"போட்டா, யார் சொன்னதுன்னு கேப்பாங்க. வெளி ஆள் உள்ளேயே போகக் கூடாது. அந்த நே.க.வை எழுதும்போது அவர் அழுதாரு."

"அவகிட்டயாவது சொல்லியிருக்கலாமே, அத்தை."

"அப்பா பொய் எழுதினார்னு ஆயிடுமே. என்னைத் திட்டினா திட்டட்டும், நான் எங்க போயிடப்போறேன்? நீங்களும் அவகிட்ட சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுங்க."

கொடுத்தேன். (அவளிடம் சொல்வதில்லை என்றுதான் வாக்கு. இதை வாசிக்கிற உங்களைப் பற்றிப் பேச்சே வரவில்லை.)

5

எனக்குக் கோபம் மாமாவின் மேல்தான். மகள் அந்த வாக்கியத்தைச் சொன்னபோதெல்லாம் அதே மேசையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் சாப்பிட்டவர். விதைகளிடம் காட்டிய நேர்மையில் ஒரு பங்கையாவது அத்தையிடம்... [கோபத்தில் எழுதியது. அடிக்காமல் விடுகிறேன்.] அவர் இருவர் மேலும் உயிரையே வைத்திருந்தார். அதுவும் பொய்யில்லை.

கூட்டத்துக்கான பக்கத்தை யாருக்கும் வலிக்காமல் எழுதி முடித்துவிட்டேன். மனைவி தலைவாரியபடியே வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று வாசிக்கிறாள். குறிப்பேட்டை மூட மறந்துவிட்டேன். அவள் விரல் தேதியில் நின்று, பதினொரு வரிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு இறங்குகிறது. சீப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏங்க, அப்ப அம்மா எங்க இருந்தாங்க?"

முப்பது வருடத்தில் இதை அவள் கேட்பது இதுதான் முதல் தடவை.

அத்தை கதவருகே நிற்கிறார். சொல்லாதீர்கள் என்று எனக்குத் தலையசைக்கிறார். நான் வாக்குக் கொடுத்தவன், வாயைத் திறக்க முடியாது. நீங்கள் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அவள் இப்போது உங்களைத்தான் பார்க்கிறாள்.