ஏப்ரல் மாதத்து டிகிரி

என் புரோகிராம் வாயாடாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. புதுச்சேரியில் எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் மற்றவர்கள் எழுதியதெல்லாம் ஓடும்போது திரை முழுக்க எதையாவது கொட்டிக்கொண்டே இருக்கும். என்னுடையது நாலு நிமிடம் கம்மென்று ஓடிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு எண்ணைத் தரும். போதாதா?

மரக்காணம் உப்பளத்தில் ஒரு பாத்தித் தண்ணீர் நாளைக்கு எத்தனை டிகிரி இருக்கும் என்று இன்றைய டிகிரியையும் வெயிலையும் காற்றையும் வைத்துக் கணக்குப் போடுவதுதான் அதன் வேலை. டிகிரி என்றால் இங்கே சூடு இல்லை, தண்ணீரின் உப்படர்த்தி. ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு அளப்பார்கள். தண்ணீர் வற்ற வற்ற ஏறும். இருபத்தைந்தைத் தொட்டால் உப்பு அடியில் படியத் தொடங்கும். என் கணக்குக்கும் அங்கே அளந்து எழுதியதற்கும் சராசரியாக எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் அந்தக் கடைசி எண்.

2006 பிப்ரவரிக்கு நாலு டிகிரி வித்தியாசம் வந்தது. மார்ச்சுக்கு ஐந்து. இவ்வளவு தப்பு என்றால் அது கணக்கே இல்லை, குத்துமதிப்பு. என் புரோகிராமில் தப்பிருக்கும் என்று ஒரு நொடிகூட நான் நினைக்கவில்லை. அளந்து எழுதுகிற சகாயமேரி அக்காவைத்தான் சந்தேகப்பட்டேன்.

சகாயமேரி அக்கா இருபது வருடம் உப்பு வாரி முட்டி தேய்ந்துபோனவர். எங்களுக்கு டிகிரி அளந்து நோட்டில் எழுதும் வேலை கிடைத்த பிறகுதான் உப்பு வாரப் போவதை விட்டிருந்தார். இது போனால் மறுபடியும் பாத்தியில் இறங்கியாக வேண்டும். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் மார்ச் கடைசியில் போய்க் கத்தினேன்.

"என்னாக்கா இது? வெயில் மண்டையப் பொளக்குது, மழையும் இல்ல. டிகிரி எப்படி எறங்கும்? ஏறிக்கிட்டேதான போவணும்?"

"இல்ல மேடம், நடுவுல தண்ணி வுட்டோம், அதான்..."

"கதையெல்லாம் வேணாங்க்கா. இப்படி ஏறி எறங்கி எழுதினா எங்க கைடு சார் வேற ஆளப் போட்டுடுவாரு."

உப்பள முதலாளியின் ஆபீசில் என்னிடம் சொல்லியிருந்தார்கள், ஒரு தடவை தண்ணீர் கட்டினால் அது டிகிரி ஏறிப் பழுத்து அடுத்த பாத்திக்குப் போகிறவரை தொடவே மாட்டோம் என்று. நான் நிலக்கடலை விளையும் இடையஞ்சாவடிக்காரி. மல்லாட்டைக் கொல்லையைப் பற்றிக் கேட்டால் சொல்வேன், உப்பைப் பற்றி ஆபீசில் சொன்னதுதான் எனக்கு வேதம். அக்கா நோட்டை எடுத்துக்கொண்டு பாத்திப் பக்கம் திரும்பினார். நானும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன்.

ஏப்ரல் நோட்டு வந்தது. ஓட்டிப் பார்த்தேன். வித்தியாசம் 0.3 டிகிரி. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். திட்டினால்தான் வேலை நடக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் கைடு தேவநாதன் சார் ஏப்ரல் முடிவைக் கருத்தரங்குக்கு அனுப்பலாம் என்றார். கூடவே ஒரு வேலையும் வைத்தார்.

"ஏம்மா ரேணுகா, உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியலையே. ஒவ்வொரு நாளும் எத வாசிச்சுது, எத எடுத்துக்கிச்சு, எவ்ளோ கணக்குப் போட்டுச்சுன்னு ஒரு ஃபைல்ல எழுத வை. கேள்வி கேட்டா காட்டணும்ல?"

எனக்கு எரிச்சல். ஒழுங்காக ஓடுகிறதை எதற்குக் கிளற வேண்டும்? முனகிக்கொண்டே ஒவ்வொரு படிக்கும் ஒரு பிரிண்ட் வரி சேர்த்தேன். சேர்த்துக்கொண்டே வரும்போது, மூன்று வருடத்துக்கு முன் நானே எழுதி மறந்துபோன ஒரு நிபந்தனை கண்ணில் பட்டது. மழை இல்லாத நாளில் டிகிரி இறங்கியிருந்தால் அது பிழை. முந்தைய நாள் டிகிரியையே வைத்துக்கொள். அதற்குள்ளும் ஒரு பிரிண்ட் போட்டேன், 'மாத்திட்டேன்' என்று.

ஃபைலைத் திறந்தேன். பிப்ரவரியில் பதினொரு இடத்தில் மாத்திட்டேன். மார்ச்சில் பதினாலு இடத்தில் மாத்திட்டேன். அக்கா அளந்து எழுதிய இருபத்தைந்து எண்களை என் புரோகிராம் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டு, தன் இஷ்டத்துக்கு வேறு எண்ணை வைத்துக்கொண்டு, கடைசியில் கணக்குச் சரியில்லை என்று சொல்லியிருக்கிறது. வெட்கத்தில் காது சுட்டது.

பிறகு ஏப்ரலைப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூட மாற்றவில்லை. இதுதான் எனக்கு இடித்தது. அதே பாத்தி, அதே ஆட்கள், இன்னும் கூடுதல் வெயில். மார்ச்சில் பதினாலு தடவை இறங்கியது ஏப்ரலில் எப்படி ஒரு தடவைகூட இறங்காமல் போகும்?

மறுநாள் காலையில் மரக்காணத்தில் இறங்கி உப்பளத்துக்கு நடந்தேன். அக்கா வரப்பில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, அன்னைக்கு நடுவுல தண்ணி வுட்டோம்னு சொன்னீங்களே, அது என்னாது?"

"வெயில் ஜாஸ்தியா இருந்தா பாத்தித் தரை வெடிச்சிடும் மேடம். வெடிச்சா தண்ணியெல்லாம் உள்ள எறங்கிடும். அதனால ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி கொஞ்சம் புதுத் தண்ணி வுடுவோம். டிகிரி எறங்கும், மறுபடி ஏறும். ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?"

"அப்ப ஏப்ரல்ல வுடலியா?"

அக்கா பாத்தியைப் பார்த்தார். பிறகு என்னை.

"வுட்டோம். நீங்கதான் எறங்கக் கூடாதுன்னு சொல்லிட்டீங்க. குழாய வுட்டுப் பாப்பேன், பாத்துட்டு, தண்ணி வுடாம இருந்திருந்தா எவ்ளோ இருக்குமோ அத எழுதிட்டேன். இருபது வருசமா இதுல கெடக்கறேன், எவ்ளோ ஏறும்னு எனக்குத் தெரியாதா?"

அப்படியென்றால் என் 0.3 டிகிரி எதோடு ஒத்துப்போனது? பாத்தியோடு இல்லை, சகாயமேரி அக்காவின் மனக்கணக்கோடு. நான் மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய சூத்திரம் அவருக்குப் பாடமாகவே இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பொய் என்று நான் ஒதுக்கிய இரண்டு மாதமும் மெய். நான் கொண்டாடிய மாதம்தான் பொய், அதையும் எழுத வைத்தது நானேதான்.

"வேற ஆளப் போட்டுடுவீங்களா மேடம்?" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அங்கிருந்தே சாருக்கு போன் செய்தேன். அக்காவுக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகப் பேசினேன். ஏப்ரலை அனுப்ப முடியாது சார், நான் மிரட்டினதால அவங்க மாத்தி எழுதிட்டாங்க. பிப்ரவரியும் மார்ச்சும் அவங்க எழுதினதுதான் சரி, என் புரோகிராம்தான் தப்பு. மாற்றி எழுதுகிற ஆளை எப்படி வேலையில் வைத்துக்கொள்வது என்று சார் கேட்டார்.

"மொதல்ல மாத்தினது நான் சார். இருபத்தஞ்சு தடவ. ஃபைல்ல இருக்கு."

"கருத்தரங்கு போச்சு," என்றார். "அந்த ஃபைலை அப்படியே வை. அந்தம்மாவையும் வச்சுக்க."

போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அக்கா "அட வுடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, குழாயை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினார். நேற்றைக்கு மனக்கணக்கில் நோட்டில் எழுதியிருந்தது இருபத்திரண்டு. குழாயை மிதக்கவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"பதினாறு இருக்குது."

"எழுதுங்கக்கா."

பேனாவைத் திறந்தார். திறந்துவிட்டு, எழுதாமல், எழுதலாமா என்று என் முகத்தைப் பார்த்தார்.