அம்ராவுக்கு நான் போட்ட நான்கு

1

இந்தக் கதையை நானாக எழுதத் தொடங்கவில்லை. எழுதச் சொன்னார்கள். நான் கைரோபிராக்டர், முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சீர்செய்வது என் தொழில். இடையிடையே சிறுகதையும் எழுதுவேன் என்று தெரிந்துகொண்டு, எங்கள் சங்கத்தினர் தங்கள் மலருக்கு ஒரு 'வெற்றிக்கதை' கேட்டார்கள். திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு மண்டபத்தில் எங்கள் ஆறு பேருக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. சிறுபிள்ளைகளின் உடம்பில் ஆதி அனிச்சைகள், அதாவது கைக்குழந்தைக்குத் தானாக வரும் அசைவுகள், மிஞ்சியிருக்கின்றனவா என்று கண்டுபிடிக்கும் பயிற்சி. அதைப் பற்றி இரண்டு பக்கம்.

"நல்லதா எழுதுங்கோ, சுலோஜனா" என்றார் பயிற்றுநர் ஞானசேகரம். மெல்பேர்னில் இருபது வருடம் தொழில் செய்துவிட்டு வந்தவர்.

நல்லதாகத்தான் தொடங்கினேன்:

[துறைமுகத்தின் இளங்காலை ஒளியில், ஒரு சிறுமியின் வாழ்க்கை மாறப்போவதை யாரும் அறிந்திருக்க—]

வேண்டாம். வெயில் மண்டையைப் பிளந்தது. மண்டபத்து ஏசி வேலை செய்யவில்லை. மாறவிருந்ததும் வாழ்க்கை இல்லை, வகுப்பு.

2

கைக்குழந்தையின் தலையை ஒரு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கத்துக் கை நீளும், மற்றக் கை மடியும். குழந்தை யோசித்துச் செய்வதில்லை. உடம்பு தானாகச் செய்கிறது. சில மாதங்களில் அது மறைந்துவிடும். மறையாமல் மிஞ்சினால் பிள்ளைக்கு எழுத்தும் வாசிப்பும் கஷ்டமாகலாம்* என்று சொல்லித் தந்தார்கள்.

சோதனை சுலபம். பிள்ளையைக் கைகளிலும் முழங்கால்களிலும் நிற்கவிட்டு, தலையைப் பிடித்து மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒரு முழங்கை மடிந்தால் புள்ளி. பூச்சியம் என்றால் ஒன்றுமில்லை. நான்கு என்றால் முழுசாக மிஞ்சியிருக்கிறது.

(* வாசகரே, அந்த 'லாம்' இருக்கிறதே, அதற்கு ஆதாரம் எவ்வளவு என்று கேட்டேன். உடனே தேநீர் இடைவேளை வந்துவிட்டது.)

3

இரண்டாம் நாள் நாங்கள் சோதித்துப் பழகச் சில பிள்ளைகளை வரவழைத்திருந்தார்கள். அவர்களில் அம்ராவுக்கு ஏழு வயது. தாய் றிஷானாவோடு கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். படிப்பது தரம் இரண்டு, வாசிப்பு மெதுவாகத்தான் வரும். திரும்பவும் தரம் ஒன்றில் இருத்தலாமா என்று பாடசாலை யோசித்துக்கொண்டிருந்தது. எங்கள் படிவத்தைப் பார்த்து முடிவெடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் படித்த என் பேனாவுக்கு அவ்வளவு அதிகாரம்!

அம்ரா கைகளை ஊன்றி நின்றாள். தலையில் கை வைத்தேன். இரண்டு முழங்கைகளும் மடிந்தன, நெற்றி நிலத்துக்குப் போனது. மூன்று தரம் செய்தேன். மூன்று தரமும் அப்படியே.

"சேர், ரெண்டும் மடியுது."

"அப்ப கடுமையா இருக்கு. நாலு போடுங்கோ" என்றார் ஞானசேகரம்.

படித்தது ஒரு முழங்கை. அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் பக்கத்தில் நின்றார், எனக்குச் சான்றிதழ் வேண்டியிருந்தது. போட்டேன். [இந்த இடத்தில் கதாசிரியர் தன் பாத்திரத்தின் இக்கட்டை—] இக்கட்டும் இல்லை, மண்ணும் இல்லை. கோழைத்தனம்.

4

றிஷானா படிவத்தை எட்டிப் பார்த்தார்.

"என்ன நாலு?"

விளக்கினேன். கேட்டு முடிக்கவில்லை, அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"டொக்டர், அவ சுஜூதுக்குப் போறா, தொழுகையில நெத்திய நிலத்துல வைக்கிறது. ஏழு வயசாகிட்டு எண்டு போன மாசம்தான் தொழப் பழக்கத் தொடங்கினன். தலையில கைய வச்சுத்தான் குனிய வைக்கிற. நீங்களும் கைய வச்சீங்க, புள்ள குனிஞ்சிட்டா. சொல்லிக் குடுத்தத செஞ்சதுக்கா நாலு?"

அம்ரா நிலத்தில் இருந்தபடியே என்னைப் பார்த்தாள். "சரியாச் செஞ்சேனா?"

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"இது தொழுகை இல்ல, செல்லம். இப்ப நீங்கள் ஒரு மாட்டுக்கண்டு. என்ர கை பட்டாலும் குனியக் கூடாது, என்ன?"

மறுபடி நின்றாள். தலையை இரண்டு பக்கமும் திருப்பினேன். கைகள் அசையவில்லை. நான்கை வெட்டிவிட்டுப் பூச்சியம் எழுதினேன்.

"சொல்லிக் குடுத்துச் செய்விச்சா அது சோதனை இல்ல" என்றார் ஞானசேகரம். "நாலு நாலாவே இருக்கட்டும். ஆறு மாசம் பயிற்சி குடுப்பம், பூச்சியத்துக்கு வரும். உங்கட வெற்றிக்கதையும் அதுதானே?"

இல்லாத ஒன்றை இல்லாமற் செய்வதில் தோல்வி எங்கே வரப்போகிறது! அவர் ஏமாற்றுக்காரர் அல்ல, தன் முறையை நம்புகிறவர். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

5

முடிவு ஒன்று: ஆறு மாதத்தில் அம்ரா கடகடவென்று வாசிக்கிறாள். சங்கம் கேட்டது இதைத்தான். எழுத மாட்டேன்.

முடிவு இரண்டு: நான் படிவத்தைக் கிழித்து அவர் முகத்தில்—

நடக்கவில்லை. அவர் புதிய படிவமொன்றில் நான்கு போட்டு, தானே கையெழுத்திட்டுப் பாடசாலைக்கு அனுப்பினார். நான் கதிரைகளை அடுக்கினேன்.

அடுத்த கிழமை கிண்ணியாவுக்குப் போய், நடந்ததை எழுதப்போகிறேன், பெயர்களை மாற்றட்டுமா என்று றிஷானாவிடம் கேட்டேன்.

"ஏன் மாத்தணும்? ஒளிக்கிறதுக்கு எண்ட புள்ள ஒண்டும் செய்யல்ல. பேரைப் போடுங்க. உங்கட பேரையும் போடுங்க."

போட்டிருக்கிறேன்.

6

இந்த மலர் முதலில் போவது இந்த மாவட்டத்துப் பாடசாலை அதிபர்களுக்கு. சங்கம் இதை அச்சிடாவிட்டால் போட்டோக்கொப்பி எடுத்து நானே கொண்டு வருவேன். சான்றிதழைத் திருப்பிக் கேட்டால் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும்.

ஆகவே அம்ராவின் பாடசாலை அதிபர் அவர்களே, வாசகர் என்று நான் கூப்பிட்டது உங்களைத்தான். அம்ராவைச் சோதித்தவள் நான். பிழை விட்டவளும் நான். நான் அவளிடம் கண்டது பூச்சியம். வாசிப்பு மெதுவென்றால் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொல்லிக் கொடுங்கள், பின்னால் தள்ளாதீர்கள்.

இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. புதிய தவணை தொடங்கும் காலையில் அம்ரா புத்தகப்பையோடு உங்கள் வாசலில் நிற்பாள். எந்த வகுப்புக்குப் போவது என்று கேட்பாள்.

சொல்லுங்கள்.