நடுக்கண்ணாடியைத் துடைத்த நாள்

ஸ்டூடியோக்காரரின் மனைவி ஒரு முற்பகலில் லென்ஸுக்குள் போனாள். ஏழெட்டு வருடம் அங்கேயே இருந்தாள். அன்று வாடிக்கையாளர் யாரும் இல்லை. அந்தப் பழைய பெரிய கேமராவின் லென்ஸை மாதம் ஒருமுறை சோதிப்பது வழக்கம். சுவரில் செய்தித்தாளை ஒட்டி, எழுத்துகள் நடுவிலும் மூலைகளிலும் ஒரே கூர்மையில் விழுகின்றனவா என்று பார்ப்பார்கள். முகம் எப்படி விழுகிறது என்று தெரிய மனைவி பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். ஒரு நொடி திறந்து மூட வேண்டிய ஷட்டர், எண்ணெய் இறுகித் திறந்தபடியே நின்றுவிட்டது. ஸ்டூடியோக்காரர் விரலால் தட்டினார். இன்னொரு தட்டுத் தட்டியதும் மூடிக்கொண்டது. நாற்காலி காலியாக இருந்தது. ஷட்டரை மறுபடி திறந்து, பின்பக்கத்து மங்கல் கண்ணாடியைப் பார்த்தால், அதில் எல்லாப் பிம்பமும் விழுவதுபோலவே தலைகீழாக, மனைவி அதே நாற்காலியில் உட்கார்ந்து என்ன ஆச்சு என்று வாயசைத்துக்கொண்டிருந்தாள்.

குடும்பம் முதலில் அலறியது, பிறகு அழுதது, பிறகு ஒருவாறு சமாளித்துக்கொண்டது. சாப்பாட்டு நேரத்தில் ஸ்டூடியோக்காரர் கேமராவைத் தூக்கிவந்து மேசைக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபடியே சாப்பிடுவார். பாதிச் சாப்பாடு சட்டையில் இருக்கும். மீட்டர் படிக்க வருபவர்கூடத் துணிக்குள் எட்டிப் பார்த்து, "நல்லாயிருக்கீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் மீட்டரிடம் போவார். உள்ளே போனபோது மனைவி போட்டிருந்த நீலச் சட்டை கசங்கவில்லை, தலையில் ஒரு முடி நரைக்கவில்லை. குரல் மட்டும் வெளியே வரவேயில்லை.

மனைவியின் தங்கைக்கு லென்ஸ் பழுதுபார்ப்பதுதான் தொழில். நெற்றியில் மாட்டிய பூதக்கண்ணாடியைக் கழற்ற மறந்து கடைத்தெருவுக்குப் போய்விடுவாள் என்பதால் ஊரில் அவளுக்கு மூணுகண்ணி என்று பெயர். மாதச் சோதனையை இப்போது அவள்தான் செய்தாள். ஒரு மழைக்காலத்தில் கைவிளக்கைச் சாய்த்து லென்ஸுக்குள் பார்த்தாள். உள்ளே அடுக்கியிருந்த கண்ணாடிகளில், நடுக்கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய வெள்ளை நூல்கள். பூஞ்சை. அடுத்த முறை பார்த்தபோது அக்கா முழங்கால்வரை நூலுக்குள் இருந்தாள். கையால் விலக்கினாள், விலக்கிய இடத்தில் மறுநாளே முளைத்தது. பிறகு இருமத் தொடங்கினாள், சத்தமே இல்லாத இருமல். பூஞ்சை முற்றினால் கண்ணாடியையே அரித்துவிடும். அரித்த இடம் அரித்ததுதான். அது முகத்தைத் தொடுவதற்குள் லென்ஸைக் கழற்றித் துடைத்தாக வேண்டும்.

ஸ்டூடியோக்காரர் கேமராவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். "திறந்தா ஆவியாட்டம் போயிடுவா. தொடவே விடமாட்டேன்."

"திறக்காட்டி? இருமியே சாகட்டும்னு விட்டுடலாமா மாமா?" என்றாள் மூணுகண்ணி. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆத்திரத்தில் வாய் நிற்கவில்லை. "அவ பேசாம இருக்கிறது உங்களுக்கு வசதியாப் போச்சு."

அவர் முகம் செத்துவிட்டது. "திட்டுவா, நல்லாத் திட்டட்டும்னுதாம்மா இத்தனை வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன்" என்றார். சொல்லிவிட்டுத் தானே துணிக்குள் குனிந்து மனைவியிடம் கேட்டார். கழுத்துவரை நூல் மூடியிருந்த அக்கா ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து, புட்டி மூடியைத் திருகுவதுபோலச் செய்து காட்டினாள். அதற்குமேல் அவர் தடுக்கவில்லை.

ஜன்னல்களை அடைத்து, தூசி பறக்காமலிருக்க ஃபேனையும் நிறுத்தினார்கள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து மூணுகண்ணி லென்ஸை வைத்தாள். கண்ணாடிகளைப் பிடித்திருந்த வளையத்தை இருமுனைச் சாவியால் திருகினால் அசையவே இல்லை. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் காத்திருந்தாள். வியர்வை மூக்கு நுனியில் திரண்டது, அது கண்ணாடியில் விழுந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வளையம் கிறீச்சிட்டபடி சுழன்றபோது இரண்டு பேருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. ஒவ்வொரு கண்ணாடியையும் எடுத்ததும் அதன் ஓரத்தில் பென்சிலால் அம்புக்குறி போடுவது அவள் வழக்கம். அம்பு காட்டும் பக்கம்தான் முன்பக்கம். மற்றக் கண்ணாடிகளைப் பார்த்தாலே திசை தெரியும். நடுக்கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் கண்ணுக்கு ஒரே மாதிரிப் புடைப்பு, அதற்கு அம்பை விட்டால் கதியில்லை. பஞ்சை மருந்தில் நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் துடைத்தாள். நூல்கள் அழுக்காகத் திரண்டு வந்தன. எந்தக் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் அக்கா தெரியவில்லை.

சும்மா நிற்கத் தெரியாத மனிதர் ஸ்டூடியோக்காரர். துடைத்து வைத்ததை ஈரம் போக ஒற்றியெடுக்கும் வேலையை அவரிடம் கொடுத்திருந்தாள். நடுக்கண்ணாடியைத் திரும்ப வாங்கினால் பளிச்சென்று இருந்தது. ஓரமும் பளிச்சென்று இருந்தது.

"ஓரத்துல ஏதோ பென்சில் கறை. அதையும் சுத்தமா எடுத்துட்டேன்" என்றார் பெருமையாக.

அது கறை இல்லை, அவள் போட்ட அம்பு. மூணுகண்ணி இரண்டு பக்கத்தையும் விளக்குக்குக் காட்டிப் பார்த்தாள், பூதக்கண்ணாடியில் பார்த்தாள், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கமாகப் போட்டு வளையத்தை முடுக்கினாள். கேமராவில் மாட்டித் துணிக்குள் நுழைந்தாள். செய்தித்தாளின் நடு எழுத்துகள் கத்திபோல் விழுந்தன. மூலை எழுத்துகள் இழுபட்டுக் கலங்கியிருந்தன. கண்ணாடி திரும்பிவிட்டது என்று அப்போதே தெரிந்தது. நாற்காலியும் தலைகீழாகத் தெரிந்தது, காலியாக.

ஸ்டூடியோக்காரர் தானும் பார்த்தார். பிறகு குப்பைக்கூடையின் முன் உட்கார்ந்து, துடைத்துப் போட்ட பஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார். அதைப் பார்க்கத் தாங்காமல் மூணுகண்ணி சுவரில் சாய்ந்தாள்; தலை சுற்றியது. அவள் மயங்கிவிடப் போகிறாள் என்று பயந்து, காற்று வரட்டுமென அவர் எழுந்து சுவிட்சில் கை வைத்தார்.

"அந்த ஃபேனைப் போட்டுத் தொலைக்காதீங்க! றெக்கை என் முதுகுக்குப் பின்னாடிதான் இருக்கு!"

இரண்டு பேரும் அண்ணாந்தார்கள். கூரையில் அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், லென்ஸுக்குள் இருந்ததுபோலவே தலைகீழாக. அவளுடைய பின்னல் கூரையை நோக்கித் தொங்கியது. ஸ்டூடியோக்காரர் ஸ்டூல்மேல் ஏறிக் கையை நீட்ட, அவளும் எழுந்து நின்று நீட்ட, நடுவில் இரண்டு கைகளும் சேர்ந்தன. அவர் கண்ணீர் தரையில் விழுந்தது, அவள் கண்ணீர் கூரையில் விழுந்தது. அழுகை ஓய்ந்ததும் அவள் முதல் வேலையாக, ஷட்டரை எவனாவது விரலால் தட்டுவானா என்று ஆரம்பித்து அன்று சாயங்காலம்வரை திட்டினாள். அவர் ஸ்டூலைவிட்டு இறங்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூணுகண்ணிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "கண்ணாடியைத் திருப்பிப் போட்டா நீ நேராயிடுவேன்னு நினைக்கிறேன்க்கா."

"நேராவேனா, மறுபடி உள்ளே போவேனா?"

"அது தெரியலை."

"அப்ப தொடாதே. உள்ளேயிருந்து பார்த்தப்பவும் நீங்கதான் தலைகீழாத் தெரிஞ்சீங்க. எனக்குப் பழகிப்போச்சு."

நடுக்கண்ணாடி அப்படியே விடப்பட்டது. அதன்பின் அந்த ஸ்டூடியோவில் எடுத்த படங்களில் முகம் தெளிவாகவும் மூலைகள் கலங்கியும் வந்தன. வாடிக்கையாளர்கள் அதுவே அழகு என்றார்கள். மூணுகண்ணி மாதாமாதம் கைவிளக்கோடு பூஞ்சை பார்த்தாள், சாவியை மட்டும் கையில் எடுக்கவில்லை. தச்சர் வந்து நாற்காலியைக் கூரையில் அறைந்துவிட்டுப் போனார். தட்டு கைமாறும்போது பாதிச் சாப்பாடு தரையில் சிந்தும், பாதி கூரையில். கணவரின் உச்சந்தலையில் வழுக்கை விழுந்ததை அக்காதான் முதலில் பார்த்துச் சொன்னாள். மீட்டர் படிப்பவர் இப்போது அண்ணாந்து நலம் விசாரிக்கிறார். ஃபேனைக் கழற்றிவிட்டு ஒரு மேசை விசிறி வாங்கிக்கொண்டார்கள்.