கரடியூரில் விழுந்த ஹரிக்கேன்

1

ஒரு பொய்யை மறைக்கத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். பொய்யன் நான்தான்: இர்பான், ஏற்காட்டில் மிளகு வியாபாரம்.

முதல் தொடக்கம்: 'கரடியூர் மைதானத்தைத் திடீரென்று மூடுபனி...'

[அடித்துவிட்டேன். அன்று காலை வானம் பளிச்சென்று இருந்தது. மாட்டிக்கொண்ட எழுத்தாளனுக்கு உடனே மூடுபனி வேண்டும், கருமம்!]

2

அந்த ஹரிக்கேன், ரிமோட்டில் பறக்கும் சிறிய மாதிரிப் போர்விமானம். என் தங்கை நஸ்ரின் இரண்டு வருடம் உட்கார்ந்து கட்டியது. உடம்பில் ஆணித்தலைகள் தெரிய வேண்டுமென்று சிரிஞ்சில் பசையெடுத்துச் சொட்டுச் சொட்டாக வைத்தாள். ஓட்டியவன் எங்கள் மாதிரி விமானக் கிளப்பின் மெல்வின். அவன் ரிமோட்டில் எட்டு விமானங்களின் செட்டிங் இருக்கிறது. வேறு விமானத்தின் செட்டிங்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால், இடப்பக்கம் திருப்பும்போது விமானம் வலப்பக்கம் சாயும்.

அதற்கென்றே ஒரு வழக்கம் உண்டு. கிளம்பும் முன் ஓட்டுபவன் இடப்பக்கம் திருப்பிக் காட்டுவான். வாலுக்குப் பின்னால் நிற்பவன், இடது இறக்கையின் ஓரத்து மடல் சரியாக மேலே எழுகிறதா என்று பார்த்து "சரி" என்று கத்த வேண்டும்.

பின்னால் நின்றவன் ஒரு கிளப் உறுப்பினர்... [இதையும் அடித்துவிட்டேன்.]

பின்னால் நின்றவன் நான். போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். இறக்கையைப் பார்க்காமலே "சரி!" என்று கத்தினேன்.

3

பதினோரு விநாடி. பாறையில் மோதிச் சுக்குநூறானது.

"அந்தப் புள்ள வயரை மாத்திக் குடுத்துப்போட்டுதுங்க," என்றான் மெல்வின்.

அவன் ரிமோட்டின் திரையில் வேறு விமானத்தின் பெயர் இருந்ததை நான் பார்த்தேன். வாயைத் திறந்தால் என் "சரி"யும் வெளியே வரும். மூடிக்கொண்டேன். நஸ்ரின் கட்டுவது எதுவும் இனி மைதானத்துக்கு வரக்கூடாது என்று கிளப் குரூப்பில் முடிவானது. அதற்கு நானும் கட்டைவிரல் போட்டேன். த்தூ!

(அடிக்குறிப்பு: மெல்வினை வில்லனாக்கப் பார்த்தேன். எங்கே திருப்பினாலும் அவனுக்கு முன்னால் நான் வந்து நிற்கிறேன்.)

4

முடிவு ஒன்று: அண்ணன் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லி அழுகிறான்.

முடிவு இரண்டு: தங்கை மன்னித்து

அதற்குள் நஸ்ரின், நான் எழுதிக்கொண்டிருந்த போனைப் பிடுங்கி முழுவதையும் படித்துவிட்டாள்.

"அப்ப உனக்குத் தெரியும்."

"இல்ல கண்ணு, நான்..."

"நாலு மாசமா ஒவ்வொரு வயரா பிரிச்சுப் பாத்துட்டு இருக்கேன், எங்க தப்புப் பண்ணுனேன்னு. ஒரே ஊட்டுல உக்காந்து நீ கதை எழுதுற! இதை எவன் படிக்கப்போறான்? குரூப்புல போடுண்ணா. ஒரே ஒரு வரி."

போனை என் கையில் திணித்தாள். குரூப்பைத் திறந்து, 'அன்று நான் இறக்கையைப் பார்க்கவில்லை' என்று அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன்.

அண்ணன் அனுப்பிவிட்டான் என்று வைத்துக்கொண்டு நீங்கள் நிம்மதியாகப் போகலாம். உங்களுக்கென்ன, கதை முடிந்தது. அவள் இன்னும் என் எதிரே நிற்கிறாள்.