ஆறு மேஜைக்கும் ஆள் வேண்டும்

சர்வேயர் ரிட்டயர் ஆன கையோடு இந்தப் புறநகரில் அடுக்குமாடி வீடு வாங்கியபோது, இங்கே எல்லாம் வரப்போகிறது என்று அடித்துச் சொன்னார். அந்த 'எல்லாம்' என்பதில் இதுவரை வந்து சேர்ந்தது ஒரு டயர் கடை, ஒரு டியூஷன் சென்டர், பாதியில் நின்றுபோன ஒரு மேம்பாலம், தெருமுனையில் ஓர் இத்தாலியன் ரெஸ்டாரன்ட். சுவரில் சாய்ந்த கோபுரத்தின் படம், கூரையில் பிளாஸ்டிக் திராட்சைக் கொத்து, மொத்தம் ஆறு மேஜை. முதலாளியே சமையல்காரர், முக்கால்வாசி நாள் ஈ ஓட்டுவதும் அவரே. அந்தக் கட்டடத்தில் ஒரு ஜீவனும் அங்கே போய்ச் சாப்பிட்டதில்லை. ஆனால் சொந்தக்காரர்களிடம் போனில், "வீட்டு வாசல்லயே இத்தாலியன் இருக்கு" என்று பீற்றிக்கொள்ளாத குடும்பமும் இல்லை.

இப்போது சர்வேயர் வீட்டை விற்கத் துடித்தார். காரணம் அவர் மனைவி. பழைய தெருவில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள், இங்கே வந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சையே விட்டுவிட்டாள். யாரோடு பேசுவது? இந்தக் கட்டடத்தில் கதவு திறப்பதே குப்பைப் பையை வெளியே வைக்கத்தான். போன மாதம் அவள் வாஷிங் மெஷினைப் பார்த்து, "இரு, வரேன்" என்று அன்பாகச் சொன்னதை மனுஷன் காதால் கேட்டார். விற்றுவிட்டு அவள் தங்கை இருக்கும் தெருவுக்கே போய்விடுவது என்று அன்றைக்கே முடிவெடுத்தார்.

வாங்க வந்தவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வீடு பிடித்திருக்கிறது, ஏரியாதான் கொஞ்சம் செத்துக் கிடக்கிறதே என்று இழுத்தார். சர்வேயருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நம்ம இத்தாலியனில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள் என்றார்.

சொல்லிவிட்டாரே தவிர, காலி மேஜைகளை நினைத்தால் பகீரென்றது. மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டினார். தன் நண்பர் ஒருவர் இந்தப் பக்கம் வீடு தேடுகிறார், நம் ஏரியாவும் கலகலப்பானதுதான் என்று காட்டவேண்டாமா, எல்லோரும் குடும்பத்தோடு வாருங்கள் என்றார். தன் வீடு விலைக்கு இருப்பதை மட்டும் மூச்சுவிடவில்லை. லிஃப்ட் பழுதாகி நின்றபோது கூட்டிய கூட்டத்துக்கு எட்டிப்பார்க்காத ஜனம், இதற்கு உடனே தலையாட்டியது. அப்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை அவரே நின்று ஆளை உட்காரவைத்தார். ஆயுசெல்லாம் நிலத்தைப் பிரித்துக் கொடுத்த கை அல்லவா, சும்மா இருக்குமா? புருஷன் ஒரு மேஜை, பெண்டாட்டி ஒரு மேஜை என்று பிரித்துப் போட்டு ஆறு மேஜையையும் நிரப்பினார். தன் மனைவியை மூலையில் பல் டாக்டரின் மனைவிக்கு எதிரே உட்காரவைத்தார். பல் டாக்டர் நல்ல சட்டை போட்டிருந்ததால் அவருக்குக் கண்ணாடிக் கடைக்காரரின் பக்கத்து மேஜை.

மெனு கார்டில் இருந்த பெயர்கள் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை. எல்லோரும் கௌரவமாகச் சூப்பைத் தொட்டுக் காட்டினார்கள். இத்தனை கூட்டத்தைக் கனவிலும் கண்டிராத முதலாளி, ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கணக்கில் பாஸ்தாவும் கொண்டுவந்து வைத்தார். அது வெந்ததா வேகாததா என்று தெரியாமலே எல்லோரும் ஆஹா என்றார்கள்.

கண்ணாடிக் கடைக்காரர் சொக்கிப்போனார். சர்வேயர் விலைப் பேச்சை ஆரம்பிக்க வாயைத் திறந்தார். அதற்குள் மூன்றாவது மாடி ஆடிட்டர் வந்து, பாஸ்தா எப்படி என்று விசாரித்துவிட்டு விசிட்டிங் கார்டு கொடுத்துப் போனார். பின்னாலேயே ஜிம் மாஸ்டர். கடைக்காரர் கை கழுவ எழுந்தார். கட்டடத்தில் பாதிப் பேருக்கு அதே நிமிஷத்தில் கை அழுக்காகிவிட்டது. திரும்பி வரும்போது அவர் சட்டைப்பை புடைத்திருந்தது. அவர் தோளில் பல் டாக்டரின் கை இருந்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டரோடது கார்னர் வீடாம். பேசி முடிச்சுட்டோம்" என்றார் கடைக்காரர்.

ஊரே விலைக்கு இருந்திருக்கிறது. ஒவ்வொருத்தரும் கமுக்கமாக வைத்திருந்திருக்கிறார்கள், அவரைப் போலவே. டாக்டர் அவர் காதோரம் குனிந்தார். "எங்க வீட்ல இன்னும் தெரியாது சார். காலைல நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

அப்போதுதான் மூலையிலிருந்து அந்தச் சிரிப்பு கேட்டது. அவர் மனைவி தாடையில் சாஸோடு, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே டாக்டரின் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

தோண்டிப் போட்ட தெருவில் பள்ளம் பார்த்து நடந்து வரும்போது அவள் வாய் ஓயவில்லை. டாக்டர் மனைவிக்கும் பேச ஆளில்லாமல் பைத்தியம் பிடிக்கிறதாம். திங்கட்கிழமையிலிருந்து ரெண்டு பேரும் சேர்ந்து வாக்கிங்காம். தையல் மெஷின் ஒன்று சும்மா கிடக்கிறதாம், அதில் இவளுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறாளாம்.

வாசல் கேட்டருகே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. வீட்டை விக்க வேண்டாங்க. தங்கச்சி தெருவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எனக்கு இங்கேயே ஆள் கிடைச்சாச்சு."

சர்வேயர் சரி என்றார். காலை வரைக்குமாவது இப்படியே இருக்கட்டும் என்று நினைத்தார். அவள் அதற்குள் லிஃப்ட் பட்டனை அழுத்திவிட்டு, முதலில் தலையணை உறை தைப்பதா ஜன்னல் திரை தைப்பதா என்று அவரிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தாள்.